பெரிதாக ஒன்றும் நடக்காத படக்கதைகள்

பிள்ளைகளுக்குப் படக்கதை வாங்கப் போகிறேன் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது இரும்புக்கை மாயாவிதான். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது முதல் இதழே அவர் கதைதான். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. குதிரை, துப்பாக்கி, கொள்ளைக் கூட்டம், நீர்மூழ்கிக் கப்பல். நானும் அதையெல்லாம் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவள்தான், அதனால் குறை சொல்ல மாட்டேன். இங்கே நான் எழுத வந்தது வேறு ஒரு வகையைப் பற்றி. அதில் யாரும் யாரையும் சுடுவதில்லை. ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். நேற்றுவரை கூடவே திரிந்த தோழி இன்றைக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறாள். நாலைந்து நாளில் ஒருவழியாகச் சரியாகிறது. அவ்வளவுதான் கதை.

இதில் என்ன இருக்கிறது என்று முதலில் எனக்கும் தோன்றியது. பிள்ளைகளோடு சேர்ந்து படித்த பிறகு, எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய கதை கிடையாது என்றுதான் சொல்வேன். நமக்குத்தான் அது சின்ன விஷயம். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஐந்தாவது பெஞ்சுக்கு மாற்றப்பட்ட பிள்ளைக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

நான் இருப்பது மதுரை ஒத்தக்கடையில். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலத்தில் பிடித்துக் கொடுக்கும் வேலை. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் எங்கள் மாடிக்கு வருவது நிற்கவே இல்லை. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கதைப் புத்தகம் மட்டும்தான், பாடம் கிடையாது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருகிறார்கள். பெரும்பாலும் அரசுப் பள்ளி, ஒன்றிரண்டு பேர் மெட்ரிகுலேஷன். மாடியில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் புத்தகத்தைப் பார்க்க வைப்பதே ஒரு வேலை.

முதலில் கைக்கு வந்தது அமெரிக்காவின் ரெய்னா டெல்கமையர் எழுதி வரைந்த ‘ஸ்மைல்’. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் பிள்ளை படித்து முடித்துவிட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. 2010இல் வந்த புத்தகம், அவருடைய சொந்தக் கதை. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஓடிப்போய் விழுந்து முன்பல் இரண்டும் அடிபட்டுப்போகிறது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் பல் டாக்டர், கம்பி, அதைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டாளிகள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அந்த அளவுக்கு ஓடாது. நான் கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். விழுந்த இடம் வந்ததும் அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவன் உதட்டைத் தூக்கித் தன் உடைந்த பல்லைக் காட்டினான். அடிகுழாயில் இடித்துக்கொண்டதாம். உடனே ஆளாளுக்குக் காயத்தைக் காட்ட ஆரம்பித்து அன்றைக்குப் படிப்பு அதோடு சரி.

அடுத்தது சிசி பெல்லின் ‘எல் டிஃபோ’, 2014. நாலு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போன பெண்ணின் உண்மைக் கதை, ஆனால் எல்லோரையும் முயலாக வரைந்திருப்பார். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்று அவளிடம் இருக்கும், மைக் டீச்சர் கழுத்தில் தொங்கும். டீச்சர் அதைக் கழற்ற மறந்துவிட்டு ஆசிரியர்கள் அறைக்குப் போனாலும் இவளுக்குக் கேட்கும், கழிவறைக்குப் போனாலும் கேட்கும். இந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எங்கள் மாடியில் சிரிப்பு அடங்காது. அந்தக் கருவியை அவள் முதலில் மறைத்துக்கொண்டு திரிகிறாள் என்பதையும் அவர்கள் விடவில்லை. கண்ணாடி போட்ட ஒரு சின்னவள், “நானும் மொத நாள் பைக்குள்ளதான் வச்சிருந்தேன்” என்றாள். நான் ஒன்றும் கேட்காமலே வந்த பேச்சு அது.

“படம் பாக்குறதெல்லாம் படிப்பா?” என்று கேட்காத வீடு கிடையாது. ஒரு பிள்ளையைக் கூப்பிட வந்த அவள் அப்பத்தா வாசலில் நின்றபடியே, “பொம்மை பாக்கவா இம்புட்டு நேரம்?” என்று என்னையே வைதார். ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ 2020இல் நியூபெரி விருது வாங்கியதை அப்பத்தாவிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு 1922இலிருந்து கொடுக்கும் விருது, அதை வாங்கிய முதல் படக்கதை நாவல் அது. புதுப் பள்ளியில் சேர்ந்த பையன் ஒருவனின் ஒரு வருஷம்தான் கதை. படித்த அப்பா அம்மாக்களிடம் இதைச் சொல்லலாம். அப்பத்தாவிடம் நான் செய்தது, உட்கார வைத்துப் பேத்தியை விட்டே ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னது. பாடப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டித் திணறுகிற பிள்ளை, இதில் தோழிக்கு ஒரு குரல், டீச்சருக்கு ஒரு குரல் வைத்துக் கடகடவென்று வாசித்தாள். அப்பத்தா டீச்சர் குரலுக்குச் சிரித்துவிட்டார். அப்புறம் அவர் கேட்பதில்லை.

குரல் வைத்து வாசிப்பதுதான் நான் கண்ட வழிகளில் நல்ல பலன் தந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்துவிட வேண்டும். ஒரு பத்தியை வாசி என்றால் தடுமாறுகிற பிள்ளைக்கு அது மலை மாதிரி நிற்கும், நடுவில் நிறுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பேச்சுக் குமிழியில் இருப்பதோ மூன்று சொல், நாலு சொல். வாசித்துவிட்டு மூச்சு விடலாம், அடுத்தது வேறு ஆளுடைய முறை. ரொம்பவே பின்தங்கிய பிள்ளைக்கு முதலில் ‘தொப்’, ‘டமால்’, ‘டிங் டிங்’ என்று சத்தங்களை மட்டும் கொடுங்கள். சத்தம் போட யாருக்குத்தான் பிடிக்காது? தன் முறை எப்போது வரும் என்று பார்ப்பதற்காகவே மற்றவர்கள் வாசிப்பதையும் கண்ணால் தொடர்ந்து வருவான். சில வாரம் போனதும் சின்னக் குமிழி உள்ள பாத்திரமாகப் பார்த்துக் கொடுத்தால் போதும்.

குமிழி வரிசை சில பிள்ளைகளுக்குத் தெரியாது. மேலே இருப்பது முதலில், ஒரே உயரத்தில் இருந்தால் இடது பக்கம் முதலில் என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள். ஜப்பான் படக்கதையை அப்படியே அச்சிட்ட பதிப்பு கையில் வந்தால் மட்டும் எச்சரிக்கை, அது வலமிருந்து இடமாகப் போகும்.

முதல் தடவை படத்தை மட்டும் பார்த்துப் புரட்டினால் புரட்டட்டும். பிடித்திருந்தால் தானாகவே திரும்பி வந்து எழுத்தைப் படிப்பார்கள், வராவிட்டால் அந்தப் புத்தகம் அவர்களுக்கு இல்லை என்று விட்டுவிடலாம். இரண்டாம் தடவை படிக்கும்போது எழுத்தே இல்லாத ஒரு கட்டத்தில் நிறுத்தி, “இவ இப்ப என்ன நெனைக்கிறா?” என்று கேட்பேன். இரண்டு கட்டத்துக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தையும் கேட்கலாம்: இந்தக் கட்டத்தில் வாசலில் நிற்கிறாள், அடுத்ததில் பெஞ்சில் அழுதுகொண்டிருக்கிறாள், நடுவில் என்ன நடந்திருக்கும்? படக்கதை எப்படி வேலை செய்கிறது என்று ஸ்காட் மெக்ளவுட் 1993இல் ஒரு முழுப் புத்தகத்தையே படக்கதையாகப் போட்டார். அந்த இடைவெளியைப் படிப்பவர் மனசு நிரப்பிக்கொள்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பார். பிள்ளைகள் நிரப்புவதைக் கேட்டால் அவரவர் வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். “இந்தக் கதையின் நீதி என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட நிமிஷமே பரீட்சை முகம் வந்துவிடும், ‘நட்பே சிறந்தது’ என்று ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

ஒட்டாத இடங்களும் உண்டு. லாக்கர் என்றால் என்ன என்று படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் இடம் பிடிக்கிற சண்டை இல்லாத அமெரிக்கப் பள்ளிக் கதையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், எங்கள் பிள்ளைகளோ மேசையைப் பார்த்து, “கல்யாண மண்டபமா அக்கா?” என்று கேட்டார்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம்ம நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில்தான் தொடங்கியது. தட்டோடு வரிசையில் நிற்பதும், முன்னால் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கிறாளா இல்லையா என்பதும் இவர்களுக்கு நன்றாகவே தெரியும். மேசையை விட்டுவிட்டு அதைச் சொன்னதும் கதை புரிந்துவிட்டது.

வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அட்டை பளிச்சென்று இருக்கிறதே என்று அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். மென்மையான கதைகள்தான் என்றாலும் எட்டு வயதுக்கு என்று போட்டதில் மாதவிடாய் வரலாம், முதல் ஈர்ப்பு வரலாம். டெல்கமையரின் 2019 புத்தகம் ‘கட்ஸ்’ முழுக்கவே பயமும் பதற்றமும் வயிற்றுவலியாக மாறுவதைப் பற்றியது. என்னைக் கேட்டால் அது நல்ல விஷயம், நம் வீடுகளில் “வயிறு வலிக்குது” என்று பள்ளிக்கூடம் போக மறுக்கிற பிள்ளையை நடிக்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆனால் நீங்கள் முதலில் படித்திருந்தால்தான் பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். ஒரு மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

விலைதான் அடுத்த பிரச்சினை. இறக்குமதிப் புத்தகம் ஒன்றே சில நூறு ரூபாய் ஆகிவிடும். எங்கள் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றிக்கொள்கிறோம். தமிழில் இந்த வகையைத் தேடினால் எனக்குக் கிடைத்தது மிகக் குறைவு. அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாக வருகின்றன, மெல்லிசான புத்தகம், பிள்ளைகள் ஒரே மூச்சில் முடிப்பார்கள். அரசுப் பள்ளிக்கு வருகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், அச்செடுத்தும் கொடுக்கலாம். இவையெல்லாம் கட்டம் போட்ட காமிக்ஸ் இல்லைதான், ஆனால் ஆரம்பிக்க இது போதும். நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது. விடுமுறையில் ஒரு பொழுது முழுக்க அங்கே விட்டுவிடலாம், ஏசி வேறு. சித்திரை வெயிலுக்கு அதுவே ஒரு காரணம்.

இல்லாததை நாங்களே போட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது நான் இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, “நம்ம ஸ்கூல்ல நடக்குறத யாருமே வரையலையே அக்கா” என்றாள். வரை என்றேன். அடுத்த வாரம் கொண்டுவந்தாள். அதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

சத்துணவில் தினமும் முட்டை. இரண்டு தோழிகள். ஒருத்திக்கு வெள்ளைக்கரு பிடிக்காது, இன்னொருத்திக்கு மஞ்சள்கரு பிடிக்காது. தினமும் மாற்றிக்கொள்வார்கள். முதல் நாலு கட்டமும் அதுதான், முகம்கூட இல்லை, இரண்டு தட்டும் நாலு கையும் மட்டும். அப்புறம் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று அவள் சொல்லவே இல்லை. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு தட்டு, அதில் வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டு மீந்த மஞ்சள்கரு ஒரு ஓரத்தில். அடுத்த கட்டத்திலும் அதே தட்டு, அதே மஞ்சள்கரு, பின்னால் பலகையில் தேதி மட்டும் மாறியிருக்கிறது. மூன்றாவதிலும் அப்படியே. கடைசிப் பக்கத்தில் ஒரு கை நீண்டு வந்து மஞ்சள்கருவை எடுக்கிறது. “வேஸ்ட் பண்ணாதடி” என்று ஒரு குமிழி. அவ்வளவுதான். மன்னிப்பு, கட்டிப்பிடித்தல் ஒன்றும் கிடையாது. கைகள் கரண்டி மாதிரி இருந்தன, தட்டு வட்டமாக இல்லை. ஆனாலும் மாடியில் இருந்த அத்தனை பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். தேதி மாறியதைக் கண்டுபிடித்தவன் அந்த உடைந்த பல்காரப் பையன்தான்.

அதிலிருந்து எல்லோருக்கும் வரையும் பித்துப் பிடித்துக்கொண்டது. காலையில் மல்லிகைப் பூ கட்டிக் கொடுத்துவிட்டு வருவதால் தினமும் லேட்டாகி வாசலில் நிற்கிற ஒருத்தியின் கதை வந்தது. காம்பஸ் பாக்ஸைக் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க வெட்கப்படுகிற ஒருவன் கதை வந்தது. இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எங்கள் முறையைச் சொல்கிறேன்.

ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். குறுகிய ஓரங்கள் இரண்டும் ஒட்டும்படி ஒரு தடவை பாதியாக மடித்து, மடித்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டிலேயே அடுத்த மடிப்புவரை கத்தரியால் வெட்ட வேண்டும். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், பின் வேண்டாம். மடித்த நிலையிலேயே பென்சிலில் பக்க எண் போட்டுவிட்டு, அப்புறம் பிரித்து வரையச் சொல்லுங்கள். பிரித்தால் நாலு பக்கம் தலைகீழாக இருக்கும். எண் போடாமல் வரைந்தால் கதை முன்னுக்குப் பின் மாறிப்போகும். ஒரு பக்கம் மட்டும் வரைவதால் ஜெராக்ஸும் ஒரு பக்கம்தான், ஒரு புத்தகத்துக்கு ஒன்றிரண்டு ரூபாயில் வேலை முடிந்துவிடும். பென்சில் கோடு ஜெராக்ஸில் சரியாக விழாது, கறுப்புப் பேனாவால் மேலே போட வேண்டும். தாளின் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள், மெஷின் அந்த இடத்தைத் தின்றுவிடும்.

சுவரில் ஒட்டுவதானால் இன்னொரு வழி இருக்கிறது. வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா அமைப்பைத் தொடங்கிய சரத் சர்மா ஊர் ஊராகச் சாதாரண மக்களுக்கு நாலு கட்டத்தில் கதை சொல்லக் கற்றுக் கொடுத்தவர். இரண்டு ஏ4 தாளை ஒட்டிய சுவரொட்டி, நாலே கட்டம். எட்டுப் பக்கத்துக்கு இழுக்க முடியாத பிள்ளைகளுக்கு இது நல்லது.

எழுத்துதான் தமிழில் படுத்தும். பிள்ளைகள் ஆங்கில காமிக்ஸைப் பார்த்துச் சின்ன வட்டமாகக் குமிழி போட்டுவிட்டு உள்ளே எழுதினால் ‘உட்கார்ந்திருக்கிறேன்’ சுவரில் முட்டிக்கொள்ளும். அதனால் எழுதிவிட்டுத்தான் குமிழி. முதலில் பேச்சை எழுது, பிறகு அதைச் சுற்றி வட்டம் போடு, மிச்ச இடத்தில் படம். கொம்பு, சுழி மேலே கீழே போவதால் வரிக்கு வரி இடைவெளியும் கொஞ்சம் தாராளமாக வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதச் சொன்னால் பாதி இடம் மிச்சம். ‘நீ ஏன் என்னுடன் பேச மறுக்கிறாய்’ என்று எழுதிக்கொண்டு வந்தவளிடம், “நீ அப்படியா கேட்ட?” என்றேன். “ஏண்டி பேச மாட்டேங்குற” என்று அடித்துத் திருத்தினாள். குமிழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கதை சொல்லுகிற வரியை மட்டும் எழுத்துத் தமிழில் வைத்துக்கொள்கிறோம், ஸ்பெல்லிங் போய்விடுமே என்று பயப்படும் பெற்றோருக்கும் அது சமாதானம்.

ஒரே ஒரு கட்டாய விதி உண்டு. யாரைப் பற்றி வரைந்தாலும் பேரையும் அடையாளத்தையும் மாற்ற வேண்டும், ஜெராக்ஸ் போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட பிள்ளைக்குக் காட்ட வேண்டும். ஒரு முறை பிரம்போடு ஒரு வாத்தியார் படம் வந்து, அது யார் என்று தெரு முழுக்கத் தெரிந்து, பள்ளியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார். பேசிச் சமாதானம் ஆனது. பிரம்பை எடுக்க வேண்டுமா என்று பையன் கேட்டான். வாத்தியார் மீசையை எடு, பிரம்பு இருக்கட்டும் என்றேன்.

எட்டாம் வகுப்புப் பையன்கள் மட்டும் இந்தக் கதைகளுக்கு மசிவதில்லை. “பொம்பளப் புள்ளைக கதை” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ‘நியூ கிட்’ கொஞ்சம் பிடித்தது, மற்றபடி நான் வற்புறுத்துவதில்லை. குதிரையும் துப்பாக்கியுமாக வரும் டெக்ஸ் வில்லர்தான் வேண்டும் என்றால் அதுவும் படிப்புதானே.

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வேலைநாளில் முற்பகலிலேயே போய்விடுங்கள், சனி ஞாயிறு சாயங்காலம் போனால் பிள்ளையைத் தொலைக்காமல் திரும்புவதே பெரிய காரியம். ஆளுக்கு 100 ரூபாய் கையில் கொடுத்துவிட்டு, எதை வாங்க வேண்டும் என்று வாயைத் திறக்காமல் இருங்கள். கஷ்டம்தான். போன தடவை நூறு ரூபாயையும் கொடுத்து ஒருத்தி கோலப் புத்தகம் வாங்கினாள். நான் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு, “இதுலயும் மொதல்ல புள்ளி, அப்புறம் கோடு, அப்புறம் முழுக் கோலம்னு கட்டம் கட்டமாத்தான அக்கா இருக்கு?” என்றாள்.